சம்பந்தி பிடித்த சுக்கான்

மகள் மஹ்மூதாவின் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க வேண்டிய வெள்ளிக்கிழமை. மீரா சாகிபு கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. மலாயாவில், மூவார் ஆற்றங்கரையில் அவருக்குத் துணிக்கடை. முழம் போடும்போதே பெயர் விளக்கமும் போடுவார்.

"மரைக்காயர்னா என்னன்னு நெனச்சீங்க? மரக்கலராயர். மரக்கலம்னா கப்பல். பாய் விரிச்சுக் கடலை ஆண்ட பரம்பரை."

அந்தக் கடலாண்ட பரம்பரை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தபோது வழி நெடுக வாந்தி வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்த கதையை மட்டும் சொல்ல மாட்டார்.

பெருமை கடலோரத்து அடுத்த ஊரான பத்து பகாட் வரை பரவி, மாப்பிள்ளையின் தகப்பனார் அமானுல்லாவின் காதில் விழுந்தது. 'பாய்மரப் படகோடு வருகிறேன். கடல் வழியாக எங்கள் வீட்டுக்குப் போய் நாள் குறிப்போம். சுக்கான் உங்கள் கையில்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி பரக்கத் நிஷா.

"பேருக்குத்தான் மரைக்காயரான்னு சிரிப்பாங்க. புள்ள கல்யாணம் நின்னு போகும்."

அதற்குள் வாசலில் அமானுல்லாவின் குரல் கேட்டது. மீரா சாகிபு நொண்டிக்கொண்டே போனார்.

"கால் சுளுக்கிக்கிச்சு சம்பந்தி."

அமானுல்லா கொஞ்சம் யோசித்தார். "உங்க ஆசைய நான் கெடுக்கலாமா? சுக்கான் உட்கார்ந்துதானே பிடிக்கணும். சின்னத்தம்பி, முதலாளியத் தூக்குப்பா."

அமானுல்லாவின் ஆள் சின்னத்தம்பி, மீரா சாகிபை முதுகில் சுமந்து துறைக்குக் கொண்டுபோனான். ஊரே வேடிக்கை பார்த்தது.

துறையில் மீரா சாகிபு விரலை நக்கி உயர்த்திப் பிடித்தார். "காத்து சரியில்லையே."

மலாய்க்காரப் படகோட்டி அசந்துபோனான். "பெத்தூல், துவான், நெசந்தான் ஐயா. ஆத்துக்குள்ள சரியில்லதான். நடுக்கடலுக்குப் போயிடுவோம், அங்க நல்லா அடிக்கும்."

"பரம்பரை அறிவுன்னா சும்மாவா" என்றார் அமானுல்லா. அவர் ஏனோ ஒரு கையால் துறைக் கம்பத்தை இறுகப் பிடித்திருந்தார்.

ஆற்றுமுகம் தாண்டியதும் படகு ஆடியது. மீரா சாகிபு சுக்கானை விட்டுவிட்டு விளிம்பில் தலையைக் கவிழ்த்தார். காலையில் தின்ற இடியாப்பம் கடலுக்குப் போயிற்று. மானமும் போயிற்று. இனி மகளாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்.

"சம்பந்தி, நான் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு. எனக்குக் கடலே ஆகாது. அதுக்காக எம் புள்ளைய வேணாம்னு சொல்லிடாதீங்க."

அமானுல்லா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மூலையில் படுத்திருந்தார். படகோட்டி படகைத் திருப்பினான்.

கரைக்கு வந்ததும் அமானுல்லா துண்டை எடுக்காமலே இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். மீரா சாகிபு துறைப் பலகையில் உட்கார்ந்து அழுதார். போச்சு, எல்லாம் போச்சு.

சின்னத்தம்பி வந்து அவர் தோளைத் தொட்டான்.

"அழாதீங்க முதலாளி. எங்க முதலாளி வாயத் தொறந்தா வாந்தி வருதாம், அதான் பேசல. நீங்க பாய்மரம் இல்லாம எங்கயும் போக மாட்டீங்கன்னு கேள்விப்பட்டு, வந்த காரைத் தோப்புல ஒளிச்சு வெச்சிட்டு, வாடகைப் படகுல ஏறினாரு பாவம்."