திருமுகப் பாதுகாப்புச் சட்டம்

மற்ற நாடுகள் அணுகுண்டைக் கட்டுப்படுத்த மாநாடு கூட்டிக்கொண்டிருந்த வேளையில், அதைவிடப் பயங்கர ஆயுதமாகிய கைபேசிக் கேமராவை ஒடுக்கி மனித குலத்தைக் காத்த பெருமை 'காவலர் திருமுகப் பாதுகாப்புச் சட்ட'த்தையே சேரும். பணியிலிருக்கும் காவலரின் முகம் அனுமதியின்றி எவருடைய படத்திலும் விழக் கூடாது. அடடா, என்ன அருமையான சட்டம்! பத்துமலையில் காவடியைப் படமெடுக்கிறவன்கூட, ஓரத்தில் போலீஸ் தொப்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அரோகரா சொல்ல வேண்டும்.

சட்டத்தின் தத்துவம் ஆழமானது. தமிழில் படம் 'பிடிக்கிறோம்'. மலாயில் படத்தைத் 'தங்காப்' செய்கிறோம்; திருடனையும் 'தங்காப்'தான் செய்கிறோம். ஆகப் பிடிப்பது போலீசின் வேலை என்று இரண்டு மொழிகளும் ஒரே குரலில் சாட்சி சொல்கின்றன. அதைப் பொதுமக்கள் செய்தால் அரசு ஊழியரின் பிழைப்பில் கைவைத்த மாதிரி ஆகாதா?

இந்த மகத்துவம் புரியாதவள், பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் ரமணி. அவள் கணவன் பாலன் லோரி ஓட்டுகிறவன். கிள்ளானில் சாலைத் தடுப்பில் நின்ற காவலர் ஒருவர் அவனைக் கீழே இறக்கி, தரையில் தள்ளி, விலாவில் உதைத்தார். லோரிக்குள் இருந்த ரமணி அதைக் கைபேசியில் எடுத்துவிட்டாள். இப்போது பாலன் லாக்கப்பில். குற்றம்: கடமையிலிருந்த காவலரைத் தாக்கிக் காயப்படுத்தியது. அவன் தாக்கவில்லை என்று சொல்ல, அந்த வீடியோவை விட்டால் வேறு நாதியில்லை.

ரமணி போலீஸ் நிலையத்துக்குப் போய், வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் சுகுமாறனிடம் அதை நீட்டினாள். அவர் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, இதுல அவரு முகம் தெரியுது லா! இதக் காட்டுனா உங்களயும் உள்ள வைக்கணும்."

"அப்ப நான் என்னதான் சார் செய்யறது?"

"போலீச அழிச்சிட்டுக் கொண்டாங்க. சட்டப்படி பாத்துக்கலாம்."

கைபேசிக் கடைக்காரன் காவலரைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தான். மறுநாள் புதிய வீடியோவில் பாலன் தானே விழுந்தான், தானே துள்ளினான், தானே விலாவைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றான். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை உருக்கமாகப் பார்த்தார்.

"பாத்தீங்களா? யாருமே அடிக்கல. அவராத்தான் விழுறாரு."

ரமணி கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "யாருமே இல்லன்னா, எங்க வீட்டுக்காரர் யாரத் தாக்குனாரு சார்?"

இப்படியொரு கேள்விக்குப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வெடுக்கென்று ஃபைலைப் பிரித்து ஒரு தாளை மேசைமேல் போட்டார்.

"யாரன்னா கேக்குறீங்க? அடிபட்டவரு ஒரு வாரமா லீவுல கெடக்காரு! டாக்டர் குடுத்த மெடிக்கல் சர்டிபிகேட், எம்சி. நல்லாப் படிச்சுப் பாருங்க!"

ரமணி நல்லாப் படித்தாள். வலது கால் பெருவிரல் வீக்கம். 'காரணம்' என்ற இடத்தில், நாட்டு நடப்புத் தெரியாத அந்த டாக்டர், நோயாளி சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்: 'ஓர் ஆளைப் பலமாக உதைத்ததால்.'

அவள் கை கைபேசிக்குப் போனது.

"படம் எடுக்காதீங்க!" என்று அலறினார் இன்ஸ்பெக்டர்.

"இதுல முகமே இல்லையே சார்?"

"போலீஸ் வெரல் இருக்குல்ல!"

ரமணி கைபேசியைப் பைக்குள் போட்டாள். தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, காவலரின் பெயர் தொடங்கிப் பெருவிரல் வரைக்கும் அந்த எம்சியை உரக்க வாசித்தாள். பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று கேட்டது.

இன்ஸ்பெக்டர் பதறிப்போய்த் திருமுகச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். உரக்க வாசிப்பதற்கு அதில் தண்டனை இல்லை. உதைப்பதற்கும் இல்லை.