நாலாவது பாதையில் இறக்கம் எங்கே?

அன்பும் மதிப்பும் உள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. நான் நலம். சித்தியும் நலம். சைக்கிள் ஏறக்குறைய நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

நீங்கள் சொன்னபடியே உங்கள் சைக்கிள் வழிகாட்டிப் புத்தகத்தின் நாலாவது பாதையை நேற்று முடித்தோம். யாரோ ஒரு வாசகர் 'இதை எழுதியவர் அந்தப் பக்கமே போகாதவர்' என்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டார், சைக்கிளில் போய் வந்த ஒருவர் 'புத்தகத்தில் உள்ளபடி போனேன்' என்று வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் இரண்டாம் பதிப்பில் அந்தப் பாதையையே எடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் போனில் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. பத்துப் பாதைகளில் அது ஒன்றைத்தான் சித்திக்குக் காணிக்கையாக்கியிருக்கிறீர்கள். 'என் வாழ்க்கைப் பாதையில் உடன் மிதித்தவளுக்கு' என்று மேலே சாய்வெழுத்தில் போட்டிருக்கிறது. நான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள், அச்சில் இருப்பதை நம்பிவிடுவது என் தொழில் வியாதி. தனியாகப் போகாதே என்று சித்தியையும், சித்திக்கு ஒரு குஷனையும் அனுப்பிவைத்தீர்கள். குஷனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடையில் மிச்சமிருந்தது இரண்டு பேர் ஓட்டும் நீள சைக்கிள் ஒன்றுதான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கு ஒரு ஜோடி மிதி. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார்.

"நாலாவது ரூட்டா?"

"ஆமாங்க."

"இருங்க, பிரேக் எப்படி இருக்குன்னு பாத்துடறேன்" என்று குனிந்தவர் என்ன நினைத்தாரோ, நிமிர்ந்துவிட்டார். "வேணாம். உங்களுக்குத் தேவைப்படாது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "முன்னாடி உக்காருறவங்க பின்னாடி திரும்பிப் பேசக் கூடாது. பின்னாடி உக்காருறவங்க வழி சொல்லக் கூடாது. இந்த ரெண்டுதான். மீதிய சைக்கிளே பாத்துக்கும்" என்றார். நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டையும் மீறிவிட்டோம்.

சித்தி பின்னால் உட்கார்ந்து, புத்தகத்தை என் முதுகில் சாய்த்துக்கொண்டு, உங்கள் குரலிலேயே, அந்த வானொலி அறிவிப்பாளர் குரலிலேயே, உரக்க வாசித்தார்: 'தொடக்கத்தில் இதமான இறக்கம். மிதியை மறந்து, கைகளைத் தளர்த்தி, நான்கு கிலோமீட்டர் காற்றோடு மிதக்கலாம்.' சித்தப்பா, அந்த நான்கு கிலோமீட்டரில் நான் மறந்தது மிதியை இல்லை, என் பெயரை. சாலை சுவர் மாதிரி எழுந்து நின்றது. ஒரு வளைவு முடிந்தால் அதற்கு மேல் இன்னொரு வளைவு, அதற்கு மேல் ஒரு ஆடு நின்று எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்தும் அதே ஆடுதான் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தி மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. "கொஞ்சம் தள்ளிப் போனா இறக்கம் வரும்டி. அவர் எழுதியிருக்கார்ல?" 'இங்கிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் பாலம்' என்று போட்டிருந்தது. பாலத்தை அடைந்தபோது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, அதிலும் பாதித் தூரம் சைக்கிளை நாங்கள்தான் ஏற்றிக்கொண்டு போனோம். வலது பக்கம் நீரூற்று என்றிருந்தது, இடது பக்கம் இருந்தது. 'கண்ணெதிரே விரியும் சிகரம்' நாள் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் விரிந்துகொண்டிருந்தது. சித்திக்கு அதைப் பார்க்காமல் விட மனசில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, இறங்கி, திரும்பி நின்று, "அழகாத்தான் எழுதியிருக்கார்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

ஏழாவது கிலோமீட்டரில் சங்கிலி கழன்றது. அங்கே சாலையில் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த தார் வேலைக்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு குச்சியை வைத்து ஒரே தள்ளில் அதை மாட்டிவிட்டார். மாட்டிவிட்டுச் சும்மா போயிருக்கலாம். சித்தியையே உற்றுப் பார்த்தார்.

"அம்மாவை எங்கேயோ பாத்திருக்கேனே."

"இருக்காது. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்றார் சித்தி, ரொம்ப வேகமாக.

"செவப்புக் காரு. ரெண்டு வருஷம் இருக்கும். மேலேருந்து கீழ வந்தீங்க. பக்கத்துல ஒரு ஐயா ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டிக் காத்து எப்படி அடிக்குதுன்னு பாத்து நோட்டுல எழுதிட்டே வந்தாரு. நீங்கதான் ஓட்டினீங்க. 'கைய உள்ள வைங்க, கைய உள்ள வைங்க'ன்னு சத்தம் போட்டுட்டே போனீங்க. என் புதுத் தார் மேல ஏத்திட்டுப் போனதால நல்லா ஞாபகம் இருக்கு."

அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு கூட எங்கள் பக்கம் திரும்பியது போலிருந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி குஷனைத் தட்டிச் சரி செய்தார்.

"காரிலயா சித்தி?"

"சும்மா ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னுதான் போனோம். அப்புறம் சைக்கிள்ல போறதாத்தான் பேச்சு."

"மேலேருந்து கீழயா?"

"ஆமா. அப்புறம்தான் ரயில் கீழதான் நிக்கும், ஜனங்க கீழேருந்துதான் கிளம்பணும்னு அவருக்குத் தோணிச்சு. ஊர் பேரையெல்லாம் கடைசிலேருந்து முதலுக்கு மாத்தி எழுதினார்."

"ஏத்தத்தையும் இறக்கத்தையும்?"

சித்தி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அத மாத்தலபோல."

"நீங்கதானே சித்தி டைப் பண்ணிக் குடுத்தீங்க?"

"நான் டைப் பண்ணும்போது படிக்க மாட்டேன்டி. படிச்சா வேகம் குறையும்."

"ஓட்டினதும் நீங்க. மேடு, பள்ளம் தெரியாதா?"

"கார் ஓட்டுறவளுக்கு மேடு ஏது, பள்ளம் ஏது? எல்லாம் கியர்தான்."

தார் வேலைக்காரர் இருமுவது போல ஏதோ செய்துவிட்டு அவசரமாகத் தன் வாளியிடம் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கிளம்பியதும் சைக்கிள் லேசாகிவிட்டது. சாலை அதே செங்குத்துதான், ஆனால் யாரோ பின்னாலிருந்து அலுங்காமல் தூக்கிவிடுவது போல வண்டி ஏறுகிறது. எனக்குப் பயமே வந்துவிட்டது. "என்ன சித்தி பண்றீங்க?" என்றேன். "மிதிக்கிறேன்" என்றார். "அப்ப இவ்ளோ நேரம்?" "கால் தானா சுத்துச்சு, வெச்சுட்டிருந்தேன்." உங்கள் மேல் வந்த கோபம் அத்தனையும் அவர் காலில் இறங்கியிருந்தது. "பன்னெண்டு நிமிஷமாம்" என்று ஒரு மிதி. "மிதக்கலாமாம்" என்று ஒரு மிதி. உங்கள் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துத் திட்டிக்கொண்டே நாலு வளைவு ஏற்றிவிட்டார். ஐந்தாவது வளைவில் திட்டு தீர்ந்துபோய்ப் பாட்டு வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் இழுக்கிறேன் என்று நாற்பத்து நான்கு வயது வரை உறுதியாக நம்பியிருக்கிறேன். பின்னால் இருப்பவர்கள் மிதிக்கிறார்களா, கால் வைத்திருக்கிறார்களா என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டால் மிதிப்பார்களோ என்னவோ. ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

பதினெட்டு கிலோமீட்டரும் ஏற்றம், சித்தப்பா. உங்கள் கணக்கில் இரண்டு மணி நேரம், எங்கள் கணக்கில் காலை ஏழிலிருந்து மாலை ஐந்து. கணவாய்க்குச் சற்று முன்னால் சித்தி கடைசி வரியை வாசித்தார்: 'முடிவில் மட்டும் ஒரு சிறிய ஏற்றம். மூச்சு வாங்கும். வெட்கப்படாமல் இறங்கித் தள்ளவும்.' சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எதற்கென்று நான் கேட்பதற்குள் உச்சி வந்தது, உச்சியைத் தாண்டியதும் சாலை எங்கள் காலடியிலிருந்து நழுவியது. புத்தகத்தில் ஏற்றம் என்று போட்டிருந்த அந்த ஒரே இடம், இருநூறு மீட்டர், பாதை முடிகிற விடுதியின் வாசலுக்கு நேராக இறக்கம். சித்தி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். நானும் தூக்கிக்கொண்டேன். காற்று வாய்க்குள் புகுந்து வார்த்தை எதுவும் வெளியே வரவில்லை. பத்து மணி நேரமாகக் கைக்கு வேலையில்லாததால் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். விடுதிக்காரர் முற்றத்தில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப் போட்டிருந்தார். முதல் விரிப்பில் நுழைந்து மூன்றாவது விரிப்பில் நின்றோம். குஷன் மட்டும் நிற்காமல் மேற்கே போய்விட்டது. இதுவரை கிடைக்கவில்லை.

விடுதிக்காரர் வந்து விரிப்பை விலக்கி, உள்ளே இரண்டு பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "நாலாவது ரூட்டா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ரூம் தயாரா இருக்கு. அந்த ரூட்ல வர்றவங்க யாரும் அன்னிக்கே திரும்பினதில்ல. அந்தப் புக்கு எழுதினவர் என்னிக்காவது வந்தா அவருக்கு மட்டும் வாடகையே கிடையாதுன்னு வெச்சிருக்கேன். என் பொழப்பே அவரால ஓடுது" என்றார். சித்தி அவர் யாரென்று சொல்லவில்லை. ஆனால் தலை நிமிர்ந்துதான் உள்ளே போனார்.

எல்லாம் இருக்கட்டும். காலையிலிருந்து இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்ட கையெழுத்தை என்னால் போட முடியாது. அடுத்து வருகிறவருக்குப் பின்னால் மிதிக்க ஒரு சித்தி இருப்பார் என்று என்ன நிச்சயம்? பாதையைத் திருத்தி எழுதுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காரில் போனதையும் முன்னுரையில் ஒத்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் உங்கள் புத்தகம் பயண அலமாரியில் இருக்கிறது. அதைச் சிறுகதை அலமாரிக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, கால் வலி மட்டும்தான் கூடியிருக்கிறது.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுங்கள் என்று சித்தி சொல்லச் சொன்னார். எப்போது வருவேன் என்று சொல்லச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு வேண்டும், குறிப்பாக முழங்காலுக்கு.

உங்கள் பிரியமுள்ள,
அண்ணன் மகள்

பி.கு.: விடுதிக்காரர் தபாலைக் கீழே கொண்டுபோகப் பதினொரு மணி ஆகும் என்றார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று சைக்கிளை உச்சிவரை தள்ளிக்கொண்டு போய் அந்த இருநூறு மீட்டரை இன்னொரு தடவை இறங்கினோம். இன்னொரு தடவை என்பது ஆறு தடவை. (விடுதிக்காரர் விரிப்புகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டார்.) ஆறாவது தடவை முற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சித்தி சொன்னார்: "பதினெட்டு கிலோமீட்டரும் ஏத்தம்னு சரியா எழுதியிருந்தா நாம வந்திருப்போமாடி?" வந்திருக்க மாட்டோம். அதனால் மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன்: 'புத்தகத்தில் உள்ளபடி போனேன். அதில் சொன்ன பாலம், நீரூற்று, சிகரம், இறக்கம் எல்லாம் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்பதைப் போகிறவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.' ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லவும், நாள் முழுவதையும் ஒதுக்கிவைக்கவும். புத்தகம் பயண அலமாரியிலேயே இருக்கும்.

நீங்கள் ஏன் காரில் போனீர்கள் என்பதையும் சித்தி சொன்னார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக அந்த ரகசியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம், நானும் சொல்ல மாட்டேன். பின்னால் உட்காருகிறவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சைக்கிள் கடைக்காரரிடம் போன் செய்து உறுதி செய்துகொண்டோம். சித்தி இப்போது முற்றத்தில் முன் சீட்டில் பழகிக்கொண்டிருக்கிறார். பின் சீட்டை உங்களுக்காக வெள்ளிக்கிழமை வரை சொல்லி வைத்திருக்கிறோம். வரும்போது குஷன் ஒன்று கொண்டுவாருங்கள்.