ஆளுக்கொரு மணி

"அக்கா, மூணு போனும் ஒண்ணா அடிக்குது. யார் எடுக்கிறது?" என்று பின்கட்டுப் பட்டறையிலிருந்து மெக்கானிக் கேட்டான்.

"யாராவது எடுங்கப்பா."

யாராவது என்று ஒருவர் அந்த ஃபிரிட்ஜ் ரிப்பேர் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

இதுவரை போன் எடுத்த பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். முதலாளி ஆளுக்கொரு போனை மேஜையில் வைத்து, "மூணு பேரும் பகிர்ந்துக்கங்க. ஒரு புகார் வந்தாலும் போன் வேலையை வெளியில குடுத்துடுவேன். அப்புறம் முன்மேஜைக்கு ஆளே தேவையில்ல," என்றார். முன்மேஜை அக்காவுடையது. அவளைவிடப் பெரியவரான கணக்கரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா நல்லவள். போன் மட்டும் ஆகாது. போன் விஷயமாகத்தான் வீட்டிலும் வம்பு. "நாள் பூரா போன்லயே குடியிருக்கீங்களே அத்தை, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று மாமியாரைக் கேட்டுத் தொலைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் இருக்கும் அக்காவின் புருஷன் வழியாகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

போன்காரரை வரவழைத்து, மணி முறை வைத்து அடிக்கும்படி மாற்றினாள் அக்கா. முதல் அழைப்பு கணக்கருக்கு.

"ஐஸ் உருகுதா? அது என் பிரிவு இல்லீங்களே," என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்தது மெக்கானிக்குக்கு. "கதவைத் திறந்து போட்டா அப்படித்தான் உருகும்," என்று அவன் பாடம் நடத்தினான்.

மூன்றாவது அக்காவுக்கு வந்தது. பெரிய ஓட்டல்காரர். அவருடைய குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது, உள்ளே ஒரு விருந்துக்கான சாமான் அத்தனையும் இருந்தது.

"வரிசைப்படிதான் ஆள் வருவாங்க சார்."

"அப்ப உங்க வருஷ ஒப்பந்தத்தையும் வரிசையில போடுங்க. எனக்கு வேண்டாம்," என்று போனை வைத்தார்.

அக்கா முன்மேஜையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். அந்த ஓட்டல் போனால் தன் மேஜையும் போச்சு.

இதற்கிடையில் கணக்கர், போனில் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தார். தன்னுடையதை மெக்கானிக்குக்குத் திருப்பினார். கை ஈரமாயிருந்த மெக்கானிக் தன்னுடையதை அக்காவுக்குத் திருப்பினான். ஊரில் கெட்டுப்போன ஃபிரிட்ஜ் எல்லாம் அவள் மேஜையிலேயே அலறியது.

நானும் கணக்கருக்கே திருப்புகிறேன் பார் என்று அக்கா அதே பொத்தானை அமுக்கினாள். எந்த எண் என்று போன் கேட்டது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கை பழகிய போக்கில் எண்களைத் தட்டினாள்.

அமைதி. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கணக்கரின் உதடுகள் இடைவிடாமல் அசைந்தன. அவர் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்று அக்கா வியந்தாள். அத்தனை அழைப்பையும் மெக்கானிக் ஒருவனே தாங்குகிறானே என்று கணக்கர் வியந்தார். அக்காவைப் போல உண்டா என்று மெக்கானிக் உருகினான்.

சாயங்காலம் முதலாளி உள்ளே வந்தார். அக்கா கைப்பையைத் தயாராக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டல்காரர் திட்டணும்னே திரும்பக் கூப்பிட்டாராம். ஒரு அம்மா எடுத்தாங்களாம். திட்டித் தீர்க்கிற வரைக்கும் குறுக்கே பேசலையாம். அப்புறம், சாமானைப் பக்கத்துக் கடைப் பெட்டிக்கு மாத்துங்கன்னு யோசனை சொல்லி, மாத்தியாச்சான்னு அவங்களே கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். அவரோட மூட்டுவலிக்குக்கூட வைத்தியம் சொன்னாங்களாம். மனுஷன் குளிர்ந்துபோய் ஒப்பந்தத்தை ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டார். இன்னும் நாலஞ்சு பேர் இதே மாதிரி புகழ்ந்தாங்க."

அக்கா கைப்பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"இந்த ஆபீஸ்ல பொம்பளைன்னு நீ ஒருத்திதானேம்மா. உனக்குள்ள இவ்வளவு பொறுமை இருக்குன்னு தெரியாமப் போச்சு. முன்மேஜை உனக்குத்தான்."

மெக்கானிக் கை தட்டினான். அக்காவுக்குக் குழப்பம். ஆனால் புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? தெருவில் நடக்க நடக்க, ஒருவேளை நான்தானோ, தலைவலியில் மறந்துவிட்டேனோ என்று தோன்றியது. வீட்டுத் திருப்பத்தில் சந்தேகமும் போய்விட்டது. இத்தனை பொறுமைசாலி மாமியாரிடம் முறைத்துக்கொண்டு இருப்பதா? இன்றைக்குத் தானே வலியப் போய்ப் பேசிவிடுவது என்று பெரிய மனதோடு கதவைத் திறந்தாள்.

போன் பக்கத்து நாற்காலியில், தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள் மாமியார். நடுவில் மகனைக் கூப்பிடாமல் நேராக மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"ஓட்டல்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், காலையில முதல்ல அங்க ஆள் அனுப்பிடும்மா. அப்புறம், வேற வேலையே இல்லையான்னு கேட்டியே, இன்னிக்குப் பூரா உன் வேலையத்தான் பாத்தேன்."