ரோமாபுரியும் ஏசிக்குக் கீழுள்ள கட்டிலும்

சத்வா, துபாய்

கண்ணியமிக்க மச்சான் மீராசா அவர்களுக்கு மஹ்மூது சொல்லி எழுதுவித்தது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், ஊரில் தாங்களும் தங்கை அஸ்மத் பீவியும் சுகமென்றே நம்புகிறேன். தேதி எனக்குத் தெரியாது. ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் பாகிஸ்தான்காரன் சிக்ஸர் அடித்து நம் ஆட்களுக்குச் சோறு இறங்காமல் போன வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் மாதம். வெயில் தங்களுக்குத் தெரியும். கட்டில் எட்டு, ஏசி ஒன்று.

தேராவில் நம் கட்டடத்தை இடித்துவிட்டதால் சட்டி பானையோடு சத்வாவுக்கு வந்துவிட்டோம். அறைக்கு மூத்தவனுக்கே நல்ல கட்டில் என்பது தாங்கள் போட்ட சட்டம். பதினேழு வருஷமாக இருக்கும் எனக்குத்தானே ஏசிக்குக் கீழே இடம்? போன வருஷம் சேர்ந்த யாழ்ப்பாணத்து வல்லிபுரம், முதல் பிக்கப் வண்டியில் அரைமணி முன்னால் வந்து மெத்தையை விரித்துவிட்டு, "காக்கா, இது புது ரூம். முதல் வந்தது நான்" என்கிறான். சரித்திரம் படித்தவன். ரோமாபுரி ராஜா கிழக்கே கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தலைநகரை மாற்றினார், பழைய ரோமாபுரி விழுந்த பிறகும் அங்கே ஆயிரம் வருஷம் ஆட்சி நடந்தது என்று அவனே ஒருநாள் சொன்னான். அங்கேதான் பிடித்தேன்.

"இடம் மாறினதும் ஆட்சி முதல் நாள்ளேர்ந்தா தொடங்குச்சு தம்பி?"

"அது பிஸாந்தியம், காக்கா. கிரேக்கம் கதைச்ச ஆக்கள். ரோமர் எண்டு சும்மா சொல்லிக்கொண்டவை."

"பிஸாந்தியம்னு அவங்களா பேர் வச்சாங்க?"

"இல்லை, பிறகு வந்த வெள்ளைக்காரன் வச்சது."

"செத்தவனுக்குப் பேர் வைக்க அவன் யாருப்பா? சண்டை போட்ட அரபியே அவங்களை ரூமி, ரோமாபுரிக்காரன்னுதான் சொன்னான். எதிரி என்ன, இரக்கப்பட்டா அந்தப் பேரைக் குடுத்தான்? இங்க பாதிப் பேர் இந்தி பேசி ரொட்டி திங்கிறான், அதுக்காக நம்ம மெஸ் வேற மெஸ்ஸா?"

"ரோமாபுரியே கையில இல்லாமல் என்ன ரோமர் ஆட்சி, காக்கா?"

"காகிதத்தை எடு, மச்சானுக்கே எழுதுவோம்" என்றேன். இந்தக் கடிதத்தையும் அவன்தான் எழுதுகிறான். என் பேச்சு வரும்போது பேனா நொண்டுகிறது, அவன் பேச்சுக்குக் குதிரை மாதிரி ஓடுகிறது. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் உட்கார்ந்து முடிவு செய்கிறோம். அதுவரை எனக்கு அடுப்படி ஓரம். முதுகு முழுக்க வேர்க்குரு. ஆகவே அறையை ஆரம்பித்த தாங்கள், "சத்வா அறை தேரா அறையேதான், மூப்பு அறுபடவில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். தங்கள் வீட்டு ஜன்னலில் அல்லாஹ் எந்நாளும் குளிர்ந்த காற்றை வீசச் செய்வானாக.

இப்படிக்கு,
மஹ்மூது (பெருவிரல் ரேகை)

பி.கு.: வல்லிபுரம் டியூட்டிக்குப் போய்விட்டான். இதை எழுதுவது கீழே தையல்கடை வாசு. பர்துபாயிலிருந்து தேராவுக்கு நாம் மாறிய அன்று, "புது ரூம், பழைய கணக்கு கலாஸ்" என்று சொல்லி, ஃபேனுக்குக் கீழே கிடந்த தங்கள் மெத்தையை நான் கதவோரம் தூக்கிப் போட்டேனே, அதை மட்டும் எழுத வேண்டாம். அதைக் கண்ணால் கண்டவர்களில் நெய்னா முகம்மது மவுத்து, சுஐபு மவுத்து, இருவரும் மண்ணுக்குள். இன்று ஹயாத்தோடு இருப்பது மெத்தைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான்: மீராசா மச்சான்.