கோச் அண்ணாச்சியின் காதும் மூக்கும்

கோச் அண்ணாச்சியைப் போல ஒரு பேஸ்பால் பயிற்சியாளர் அரபு நாடுகளில் கால் வைத்ததே இல்லை. அவரைப் போல ஒரு கிறுக்கரும் வைத்ததில்லை. நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், அபுதாபிப் பக்கம் ருவைஸில் எங்கள் கம்பெனியின் அமெரிக்க மேனேஜருக்கு பேஸ்பால் பைத்தியம். ஆபீஸ்காரர்கள் ‘ஏ’ டீம், கேம்பில் தங்கும் தொழிலாளிகள் ‘பி’ டீம் என்று பிரித்து வெள்ளிக்கிழமைகளில் ஆடவிட்டார். வருடக் கடைசியில் இரண்டு டீமும் கோப்பைக்கு மோதும். அண்ணாச்சி சாரம் கட்டுகிறவர்களுக்கு ஃபோர்மேன். காலேஜில் பேஸ்பால் ஆடியவர் என்பதால் ‘பி’ டீமை அவர் தலையில் கட்டி, வருஷக்கணக்கில் அங்கேயே வைத்துவிட்டார்கள்.

நாங்களோ கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். பந்தை அடித்தால் மட்டையோடுதான் ஓடுவோம். பேஸ்பாலில் அதைப் போட்டுவிட்டு ஓட வேண்டுமாம். அண்ணாச்சி கோட்டோரம் நின்று கத்துவார்:

“ஏலே, மட்டையக் கீழ போடுலே! கட்டின பொண்டாட்டியா அது, கட்டிப்பிடிச்சிட்டு ஓடுத?”

பந்து எறிபவனுக்குச் சைகை உண்டு. அவர் காதைத் தொட்டால் மேலே எறிய வேண்டும். மூக்கைத் தொட்டால் கீழே. அவருக்கு வேர்க்குரு வந்து உடம்பெல்லாம் சொறிகிற நாளில் எங்கள் பாடு திண்டாட்டம்.

“அண்ணாச்சி, இது சைகையா, சொறியா?”

“சொறிதாம்லே, நீ எறி!”

இப்படி அவர் ஒருவனைத் தேற்றி எடுத்ததும் ‘ஏ’ டீம் தூக்கிக்கொண்டு போய்விடும். அநியாயம் இல்லையா இது? செல்வம் என்று ஒரு வெல்டர். பந்தை எறியச் சொன்னால் பார்வையாளர் மேல் எறிந்தவன். அவனைப் புலியாக்கினார். கோப்பை ஆட்டத்துக்கு முதல் நாள் அவனையும் பிடுங்கிவிட்டார்கள். அண்ணாச்சி சண்டைக்குப் போனார். ‘ஏ’ டீம் கேப்டன், பம்பாய்க்காரர், கையை விரித்தார்.

“கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு, மேனேஜர் ஆர்டர்!”

“நான் போகல அண்ணாச்சி” என்று செல்வம் அழுதான்.

“போய் நல்லா ஆடுலே” என்று அவனை அனுப்பிவிட்டு, அண்ணாச்சி மெஸ்ஸில் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

மறுநாள் ஆட்டத்தின் கடைசிப் பந்து. மட்டையோடு நான் நிற்கிறேன். அடித்தால் அண்ணாச்சிக்கு முதல் கோப்பை. எதிரே செல்வம். எறிவதற்கு முன், பழக்க தோஷத்தில் அந்தப் பயல் அண்ணாச்சியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எதிரெதிர் டீம்காரர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அண்ணாச்சி காதைத் தொட்டார்.

எதிரிக்குப் போய் யாராவது சைகை காட்டுவார்களா? சொறிதான் என்று நம்பி, செல்வம் வழக்கம்போலக் கீழேதான் எறிவான் என்று மட்டையைக் கீழே வீசினேன். பந்து மேலே போனது. கோப்பையும் போனது.

“நீங்க எங்க கோச்சா, அவங்க கோச்சா?” என்று நான் குதித்தேன்.

“பய என் மொகத்தப் பாத்தாம்லா? சொல்லாம எப்படிலே இருக்க? ஒனக்கும் சேத்துத்தானே காட்டுனேன், நீ ஏம்லே கீழ வீசுன?”

அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் முக்கியமான காரியம் எதிலாவது இறங்கும்போது, என் கண் தானாகக் கோட்டோரம் திரும்பி அவர் காதைத் தேடுகிறது.