முப்பத்தெட்டு கிலோ கிளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். விலங்குகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இன்று காலை கால்நடை கிளினிக்கைத் திறந்ததும் முதல் வேலையாக, 'உங்கள் கைபேசியிலேயே பதிவு செய்யுங்கள்' என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். பெருமையோடு ஒட்டியவளும் நான்தான். நேற்று, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கிளியோடு வந்து, நீ செய்துகொடுத்த படிவத்தைக் கைபேசியில் நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்துமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து நாற்காலியில் ஒரு தையற்கார அம்மா தன் நாய்க்காக நிரப்பியிருக்கிறார். ஒரு பக்கத்தில் எழுதியதை அடுத்த பக்கத்தில் திரும்பக் கேட்கக் கூடாது என்று, எழுதியதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தாய் அல்லவா? வைத்துக்கொண்டது, உண்மைதான். யார் எழுதியது என்பதைத்தான் மறந்துவிட்டது. மேலாளர் பொத்தானை அழுத்தியதும் அந்த அம்மா எழுதியது அவர் பேரில் போய்விட்டது. தபால்காரரைக் கடித்த முப்பத்தெட்டு கிலோ பிராணியைப் பார்க்க டாக்டர் முரட்டுக் கையுறையும் வாய்ப்பூட்டுமாக வந்தால், கூண்டுக்குள் கிளி. மேலாளர் அல்லவா, உறுதிக்காக இரண்டாம் தடவையும் நிரப்பிவைத்திருக்கிறார். அந்த அம்மா தன் பொத்தானை அழுத்தியபோது அது நாயின் சீட்டில் ஏறிக்கொண்டது. ஒரு வாரமாகப் பேச்சு நின்றுவிட்டதா என்று டாக்டர் கேட்க, அந்த அம்மா, "இவன் என்னைக்கு டாக்டர் பேசினான்?" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதவியாளர் கிளிக்கு நாயின் எடைக்கு மருந்து அளந்து வைத்திருந்ததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் அதைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள சரியாகணும்மா. இல்லேன்னா உங்க தம்பியோட படிவம் வேணாம், பழையபடி பேப்பரே போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

உன்னைக் கேட்டால், "எனக்கு இங்க சரியாத்தானேக்கா வருது" என்றாய். எப்படிடா வராமல் இருக்கும்? எல்லோருடைய பதிலுக்கும் ஒரே பெட்டியை வைத்துவிட்டு, உன் ஒற்றை அறையில் நீயே கிளியாகவும் நீயே நாயாகவும், ஒருவர் முடித்தபிறகு இன்னொருவராக நிரப்பிப் பார்த்திருக்கிறாய். வரிசையாக வந்தால் உன் படிவம் தங்கம். இரண்டு பேர் ஒன்றாக வந்தால்தான் குழம்பிவிடுகிறது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்த உனக்குக் கையில் இருப்பது இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிபாரிசு செய்து நான் பட்டது போதும். இனி இதில் என்னை இழுக்காதே. டாக்டரிடம் நீயே பேசிக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. அத்தான் உன்னை விசாரித்தார். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

உன் அக்கா

பின்குறிப்பு: இழுக்காதே என்று எழுதியதை அடித்துவிடு. நாளைக்கு லீவு போடப்போகிறேன். எதற்கென்று டாக்டருக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. காலை முதல் வண்டியில் உன் அறைக்கு வருகிறேன். நீ கிளிக்கு நிரப்பு. அதே நேரத்தில் நான் நாய்க்கு நிரப்புகிறேன்.