வடைப் பையில் வந்த மூளை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் எதையும் கழிக்கச் சொல்லக் கூடாது. வைத்திருக்கச் சொன்னால் பயந்து பயந்து வைத்திருப்பான். கழிக்கச் சொன்னால் கட்டடத்தையே கழித்துவிடுவான். நான் அந்த இனம்.

கல்முனைப் பக்கத்துப் பொது நூலகம் ஒன்றில் எனக்கு முதல் வேலை. நியமனம் நிரந்தரமாகவில்லை. (உம்மா மட்டும் 'மகன் லைப்ரேரியன்' என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.) அங்கேயே இருந்து பார்க்க மட்டும் கொடுக்கும் எங்கள் உசாத்துணைப் பகுதியில் ஒரு கலைக்களஞ்சியம் இருந்தது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையவில்லை, படமெல்லாம் கறுப்பு வெள்ளை. அதைப் பார்த்து ஒப்படை எழுதிய பிள்ளைகள் பாடசாலையில் ஏச்சு வாங்கினார்கள். ஒருவழியாகப் புதிய தொகுதி வந்து சேர்ந்தது. அதைக் கையெட்டும் தட்டில் வைத்துவிட்டு, பழையதை எடைக்கு எடுக்கும் பேப்பர்காரருக்குக் கொடுக்கும்படி நூலகர் மிஸ் சொன்னார். மறுநாள் பகல் மேலிடத்து அதிகாரி வருகிறார். என் வேலை நிலைப்பதும் போவதும் அவர் கையில்.

கடற்காற்றுக்கு அட்டை பழுதாகிவிடுமே என்று எனக்குக் கவலை. வாப்பா என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குச் செய்ததுபோல, புதிய புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரிகையில் உறை போட்டேன். உள்ளே 'உசாத்துணை, வெளியே கொடுக்கப்படமாட்டாது' என்று முத்திரையும் குத்தினேன். பழையதையும் தூசி தட்டித் துடைத்து வைத்தேன் (போகிறவர்களுக்கு ஒரு மரியாதை). அசர் தொழுகைக்கு ஓடும் அவசரத்தில், வந்து நின்ற பேப்பர்காரரிடம் "அந்தப் பழசெல்லாத்தையும் எடுங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிக் கையை நீட்டிவிட்டுப் போய்விட்டேன். ஒருபக்கம் பளபளவென்று புத்தகங்கள், மறுபக்கம் மஞ்சள் பூத்த பத்திரிகைக் கட்டுகள். அவர் எதை எடுப்பார்?

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கடையில் வடை வாங்கினேன். பேப்பர் பையில் ஒரு மனித மூளை, நான்கு நிறத்தில். நல்ல அச்சு என்று ரசித்தபடி பாதி வடையைத் தின்றும்விட்டேன். பிறகுதான் எங்கள் பழைய தொகுதியில் கலர் மூளை கிடையாது என்பது என் மூளைக்கு எட்டியது.

பை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு, ஓட்டோ பிடித்துக் கல்முனைக்குடிக்குப் பறந்தேன். கடைக்காரர் சொன்ன வீடு நம் பேப்பர்காரருடையதுதான். அவர் வெளியே போயிருந்தார். வாசலில் மகள் றிஸ்வானா, பக்கத்தில் பசைக் கோப்பையும் ஒட்டிய பைகளும், மடியில் என் புத்தகம். வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இது பழசெண்டு ஆரு செல்லித் தந்த?" என்றாள்.

"லைப்ரேரில ஒரு ஆள்."

"அந்த ஆள இன்னமும் வேலைல வெச்சிரிக்காங்களா?"

"இண்டைக்குப் பகல் வரைக்கும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மூள மட்டுந்தான் போயிட்டு, மிச்சமெல்லாம் இரிக்கி. வெளிய குடுக்கமாட்டமெண்டு சீல் கெடந்திச்சி, அதான் கிழிக்காம வெச்ச."

புத்தகங்களை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, அவள் தந்த பசையாலேயே எண்ணெய் ஊறிய மூளையைத் திரும்ப ஒட்டினேன். அதிகாரி வந்தார். அத்தனை புத்தகத்திலும் அந்தப் புத்தகத்தையே எடுத்து, அந்தப் பக்கத்தையே விரித்து, மூக்கை வைத்து மணந்து பார்த்தார். மிஸ்தான் முந்திக்கொண்டு, வாசகர்கள் வடை தின்னும்போதும் கீழே வைக்காமல் வாசிக்கிறார்கள் சேர் என்றார். உசாத்துணை என்றால் அலுமாரியில் பூட்டிக் கிடக்காமல் இப்படித்தான் பாவனையில் இருக்க வேண்டும் என்று அதிகாரிக்குப் பரம சந்தோசம். என் வேலை எண்ணெயில் பொரிந்து நிரந்தரமானது.

றிஸ்வானா விட்ட இடத்திலிருந்து வாசிக்க நூலகத்துக்கு வரத் தொடங்கினாள். எனக்கும் அந்தப் பகுதியில் திடீரென்று நிறைய வேலை இருந்தது. மிச்சத்தை இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். புத்தகத்தைத் திருப்பியெடுக்கப் போன வீட்டிலேயே நான் இன்றைக்கும் இருக்கிறேன்.

பின்னேரங்களில் கூட்டாளிமார் பந்தடிக்கக் கூப்பிட்டு வாசலில் நின்றால், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"அது உசாத்துணை. வெளிய குடுக்கிறல்ல."